7.50 டயரைக் கழற்றிவிட்டு ஓவர்டிரைவ் மாட்டினேன்: சீரிஸ் 3 லேண்ட் ரோவரில் மைலேஜ் எவ்வளவு கூடியது?

என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 88 இஞ்ச் குட்டை வண்டி, 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். சிங்கப்பூரில் 35 வயது தாண்டிய வண்டிகளுக்கான திட்டத்தில் ஓடுகிறது, அதனால் வருஷத்துக்கு 45 நாள்தான் வெளியே எடுக்கலாம். "45 நாள் ஓட்டுற வண்டிக்கு மைலேஜ் எதுக்கு?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். எனக்கு அது முக்கியம். லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை லிம் சூ காங் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்புவதற்குள் பெட்ரோல் முள் இறங்குகிற இறக்கத்தைப் பார்த்தால் வயிறு எரியும். அதோடு, மைலேஜுக்காகச் செய்கிற வேலையெல்லாம் வண்டியின் சத்தத்தையும் எஞ்சினின் ஆயுளையும் சேர்த்தே தொடுகிறது. ஒன்றரை வருஷமாக டயர், கியர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன் (ஓவர்டிரைவ் என்பது வேண்டும்போது மட்டும் கியரை உயர்த்தித் தரும் கூடுதல் பெட்டி). இதே வண்டியோ இதைப் போன்ற பழைய ஜீப்போ வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

வாங்கும்போதே வண்டியில் 7.50-16 டயர் (ஏழரை இஞ்ச் அகலம், 16 இஞ்ச் ரிம்) மாட்டியிருந்தது. பழைய உரிமையாளருக்கு உயரமான வண்டி பிடிக்கும் போல. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சேற்றில் போகிற கட்டை கட்டையான பட்டன், ஓரமெல்லாம் முரட்டு ரப்பர். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன், 0811. அதாவது 2011இன் எட்டாவது வாரம் செய்தது. பட்டன் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, ஆனால் ரப்பர் கல் மாதிரி. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, பட்டன்களுக்கு நடுவில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். நம் ஊர் வெயிலில், அதிகம் ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிகளின் டயர் தேய்ந்து போவதற்கு முன்பே காய்ந்து போய்விடும். 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருந்தால் சட்டப்படி சரி, ஆனால் மழை நாளில் தீவு விரைவுச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது அந்தச் சட்டம் நம்மைப் பிடித்துக்கொள்ளாது. எனவே பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள்.

சரி, மைலேஜுக்கு வருவோம். பெரிய டயர் போட்டால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் மிச்சமாகும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கில் அது சரிதான். இந்த வண்டியின் டிஃபரன்ஷியல் (சக்கர அச்சில் இருக்கும் பல்சக்கரத் தொகுதி) 4.7க்கு 1, ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் (கியர் பெட்டியிலிருந்து முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது) ஹை ரேஞ்ச், அதாவது சாதாரணச் சாலைக்கான விகிதம், 1.148, நாலாவது கியர் நேர் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் சுமார் 5.4 வரும். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் ஐந்தரைச் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்ற வேண்டும். வயலில் டிரெய்லர் இழுக்கச் செய்த வண்டி, அதற்கு இது சரியான கியர். விரைவுச்சாலைக்கு இல்லை. 205/80ஆர்16 டயரின் உயரம் சுமார் 734 மில்லிமீட்டர், அதில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3100 சுற்று. 7.50-16 டயர் 800 மில்லிமீட்டரைத் தாண்டும், கிட்டத்தட்ட 10 சதவீதம் உயரம் கூடுதல், அதனால் அதே 80இல் 2850 சுற்றுதான். 250 சுற்று லாபம்.

ஆனால் பெட்ரோல் கணக்கு வேறு கதை சொன்னது. இதில் முதலில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுகிற பொறி. வண்டியின் மீட்டர் சின்ன டயருக்காகச் செய்தது. பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைவாகக் காட்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், மீட்டரில் 45 சொச்சம்தான் ஏறியிருந்தது. மீட்டர்படி லிட்டருக்கு 5.2 வந்தது, திருத்திய பிறகு 5.7. வேகமானியும் அப்படித்தான், முள் 80 காட்டும்போது நீங்கள் 88இல் போய்க்கொண்டிருப்பீர்கள். வேகக் கேமராவுக்கு உங்கள் டயர் அளவு தெரியாது. ஆகவே டயர் அளவை மாற்றிவிட்டு "மைலேஜ் விழுந்துவிட்டது" என்றோ "ஏறிவிட்டது" என்றோ சொல்வதற்கு முன்னால் மீட்டரைத் திருத்துங்கள். நான் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையத்தில் ஒரே பம்பில், முதல் 'டக்' சத்தம் வரும்வரை மட்டும் நிரப்பி, மூன்று டாங்க் சராசரி எடுத்தேன். இந்த வண்டியின் டாங்க் 45 லிட்டர்தான், ஒரு தடவை இரண்டு லிட்டர் கூடக் குறைய ஊற்றினாலே கணக்கு தப்பிவிடும்.

இன்னொன்று. டயரைத் தொடுவதற்கு முன் எஞ்சினை ஒழுங்கு செய்தேன். இதில் இருக்கும் ஸெனித் 36 ஐவி கார்புரேட்டருக்கு ஒரு பழைய நோய் உண்டு. உள்ளே இருக்கும் சின்ன ஓ-ரிங் காய்ந்துபோனாலோ மேல்மூடி வளைந்துபோனாலோ பெட்ரோல் வேண்டாத வழியில் உள்ளே கசிந்து, புகைபோக்கி கறுப்படிக்கும், ஸ்பார்க் ப்ளக் மசி பூசின மாதிரி இருக்கும். என்னுடையதில் ஓ-ரிங் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. சில வெள்ளி கொடுத்து வாங்குகிற ரப்பர் வளையம். அதை மாற்றி, பின்பக்கம் இடது சக்கரத்தில் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்த டிரம் பிரேக்கையும் தளர்த்திய பிறகு எடுத்த கணக்குதான் அந்த 5.7. இவற்றைச் சரி செய்யாமல் டயரிலும் கியரிலும் பணத்தைக் கொட்டாதீர்கள்.

என் தாய்மாமா கேமரன் மலையில், தானா ராத்தாவில் இருக்கிறார். அங்கே காய்கறித் தோட்டத்துக்காரர்கள் இன்றைக்கும் பழைய லேண்ட் ரோவரில்தான் கோஸும் தக்காளியும் இறக்குகிறார்கள், மாமாவும் முப்பது வருஷம் அந்த வண்டிதான் ஓட்டினார். அவரிடம் போனில் கேட்டேன், "மாமா, பெரிய டயர்ல மைலேஜ் வரும்னு சொல்றாங்களே?" என்று. "ஏத்தத்துல நாலாவது கியர் இழுக்குதாப்பா உனக்கு?" என்று திருப்பிக் கேட்டார். இழுக்கவில்லை. புக்கிட் தீமா விரைவுச்சாலை ஏற்றத்தில் ஒவ்வொரு தடவையும் மூன்றாவதுக்கு இறக்கித்தான் ஏறுவேன். "அப்ப டயர் பெருசு. மூணாவதுலயே பாதி நேரம் ஓட்டுனா எங்க மிச்சமாகும்?" என்றார். அதுதான் விஷயம். எழுபது சொச்சம் குதிரைசக்தி உள்ள எஞ்சின் இது. டயர் பெரிதானால் எல்லாக் கியரும் ஒரே மாதிரி உயர்ந்துவிடும் (அதே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றும், இழுவை குறையும்), முதல் கியர், ரிவர்ஸ், கரடுமுரடான இடத்தில் மெதுவாக இழுப்பதற்கான லோ ரேஞ்ச் எல்லாமே. வேண்டிய இடத்தில் மட்டும் உயர்த்த முடியாது. மேலும் அந்தச் சேற்று டயரின் எடை, கட்டைப் பட்டன் தாரில் அமுங்கி நிமிர்வதில் வீணாகும் சக்தி, உயரமான வண்டி காற்றை முட்டுவது எல்லாம் சேர்ந்து அந்த 250 சுற்று லாபத்தை விழுங்கிவிடும்.

எனவே ஐந்து டயரையும் மாற்றினேன் (ஸ்பேரையும் சேர்த்து, பானட் மேல் வேறு அளவு டயரை வைத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை). 205/80ஆர்16 ரேடியல், சாலைக்கும் மண் பாதைக்கும் நடுத்தரமான ஆல்-டெரைன் பட்டன். 235/85ஆர்16 போடலாமே என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அது 7.50 அளவுக்கே உயரமானது, அதற்கு ஆறு இஞ்ச் ரிம் வேண்டும், இந்தக் குட்டை வண்டியின் ரிம் ஐந்து இஞ்ச்தான். அகலம் பொருந்தாத ரிம்மில் டயரைத் திணிக்க வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் பட்டை ஸ்பிரிங்கிலும் உரசும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சோதனையிலும் தேறாது.

டயர் மாட்டிய இடத்தில் ஒரு கசப்பு நடந்தது. கடையின் பெயர் வேண்டாம். டியூப் போடுங்கள் என்று நான் சொல்லியும், "இப்பல்லாம் டியூப்லெஸ்தான் சார்" என்று டியூப் இல்லாமல் மாட்டி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை இரண்டு சக்கரம் தரையோடு தரை. வீட்டில் சோப்புத் தண்ணீர் கரைத்து பிரஷால் தடவினேன். இந்தப் பழைய ரிம்மில் நடுத்தட்டை வளையத்தோடு ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு ரிவெட் தலையைச் சுற்றியும் குட்டிக் குட்டி நுரை மெதுவாகப் பூத்து வந்தது. டயரில் ஒரு குறையும் இல்லை, ரிம்தான் காற்றை விடுகிறது. திரும்பக் கொண்டுபோனால் அதற்கும் கூலி கேட்டார்கள். அடுத்தது காக்கி புக்கிட்டில் நான் வழக்கமாகப் போகும் ஒரு சின்னப் பட்டறை. அங்கே இருக்கும் அண்ணன் ரிம்மைக் கம்பி பிரஷால் தேய்த்து, டயர் உள்பக்கம் ஒட்டியிருந்த காகித லேபிளை ஒன்றுவிடாமல் உரித்தெடுத்து, பவுடர் தூவி ரேடியல் டியூப் போட்டார். லேபிளை ஏன் உரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஓட ஓட அதோட ஓரம் டியூபைத் தேய்ச்சு ஓட்டை போட்ரும் தம்பி" என்றார். இந்த மாதிரி ஆள்தான் பழைய வண்டிக்கு வேண்டும்.

டயர் காற்று முன்னால் 28, பின்னால் 30 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். பலன்? லிட்டருக்கு 6.3. எஞ்சின் வேகமாகச் சுற்றியும் மைலேஜ் ஏறியது. ஸ்டீயரிங் இலேசானது, பார்க்கிங்கில் தோள் வலிப்பதில்லை, ஏற்றத்தில் நாலாவது கியர் இழுக்கிறது. டயர் இரைச்சல் பாதியாகிவிட்டது. ஆனால் இரைச்சல் குறைந்த பிறகு எஞ்சின் கத்துவது நன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. 80இல் 3100 சுற்று என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே தொண்டையைத் திறக்க வேண்டும்.

அதற்குத்தான் கியர். இந்த வண்டிக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி வண்டிகளில் வரும் 3.54 டிஃபரன்ஷியலைத் தூக்கி முன்னும் பின்னும் மாட்டுவது. ஆக்ஸிலில் நேராகப் பொருந்தும், பழைய சாமான் கிடைத்தால் மலிவும்கூட. கியர் ஒரேயடியாக 33 சதவீதம் உயரும். இதை நான் பல நாள் யோசித்து விட்டுவிட்டேன். பெரிய டயரில் இருக்கிற அதே குறை இதிலும் இருக்கிறது, எல்லாக் கியரும் சேர்ந்து உயரும், லோ ரேஞ்சும் வேகமாகிவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் வளைவு ஏற்றத்தில், முன்னால் ஒரு வண்டி நின்றுவிட்டால், அந்த உயரமான முதல் கியரில் கிளட்ச்சைக் கருக்கித்தான் கிளம்ப வேண்டும். கூடவே, இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. டிஃப் விகிதம் குறைந்தால் ஹேண்ட் பிரேக்கின் பிடியும் அந்த அளவுக்குக் குறையும். மீட்டரும் அந்த ஷாஃப்டிலிருந்துதான் ஓடுகிறது, அதனால் அதுவும் கால்பங்கு குறைத்துக் காட்டும். இரண்டாவது வழி, ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் ஹை ரேஞ்சை மட்டும் உயர்த்தும் பல்சக்கரத் தொகுதி. லோ ரேஞ்ச் அப்படியே இருக்கும், நல்ல ஏற்பாடு, ஆனால் பெட்டியைப் பிரிக்க வேண்டும், மாட்டிய பிறகு நெரிசலிலும் அதே உயர்ந்த கியர்தான்.

மூன்றாவது, நான் எடுத்தது, ஃபேரி நிறுவனத்தின் ஓவர்டிரைவ். ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் பல்சக்கரத்தை உருவிவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்துவது. கியர் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. தரையில் ஒரு சின்ன லீவர் வரும், கிளட்ச் மிதித்துத் தள்ளினால் 27.8 சதவீதம் உயர்ந்த கியர், இழுத்தால் பழையபடி. வேண்டும்போது மட்டும் உயரும் என்பதுதான் இதன் அருமை. இது ட்ரான்ஸ்ஃபர் கியருக்கு முன்னால் உட்காருவதால் மீட்டரும் ஹேண்ட் பிரேக்கும் பாதிக்கப்படுவதில்லை. 80இல் 3100ஆக இருந்த சுற்று 2400 சொச்சத்துக்கு இறங்கும். பெட்ரோல் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வேண்டிய சக்தியை, வேகமாகச் சுற்றி த்ராட்டில் வால்வைப் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வழி) பாதி மூடி வைத்துக் கொடுப்பதைவிட, மெதுவாகச் சுற்றி அந்த வால்வை அகலமாகத் திறந்து கொடுத்தால் குறைவாகக் குடிக்கும். மைலேஜ் கூடுவது அதனால்தான்.

வாங்கியது வெளிநாட்டிலிருந்து, பழையது. முழுதாகப் புதுப்பித்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். விற்றவர் யார் என்று சொல்லவில்லை, ஆனால் பார்சலைப் பிரித்ததும் கையால் சுற்றிப் பார்த்தபோதே உள்ளே மணலை அரைக்கிற மாதிரி ஓர் உராய்வு. காக்கி புக்கிட் அண்ணன் உடனே திறந்தார், பேரிங் ஒன்றின் ஓடுபாதையில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். பேரிங்குகளையும் சீல்களையும் புதிதாகப் போட்டோம். சாமான், கப்பல் கூலி, 9 சதவீதம் ஜிஎஸ்டி, பேரிங், கூலி எல்லாம் சேர்ந்து 2,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. பழைய ஓவர்டிரைவ் வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்ற வேண்டாம். இன்னொரு விஷயம், கியர் பெட்டியில் கை வைக்கும் எந்த மாற்றத்துக்கும் முன்னால் ஆணையத்திடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள், செய்துவிட்டு அலைய வேண்டாம்.

மாட்டிய முதல் சனிக்கிழமை மகளை ஏற்றிக்கொண்டு துவாஸ் வரைக்கும் போனோம். இடது தடத்தில் லாரிகளோடு லாரியாக 80. லீவரைத் தள்ளினேன், எஞ்சின் சத்தம் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து பின்னாலிருந்து அவள், "அப்பா, இன்னிக்கு நீங்க கத்தாமலே பேசுறீங்க" என்றாள். எனக்கு அது போதும்.

மூன்று டாங்க் சராசரி 7.2. அதுவும் 80க்குள் ஓட்டினால்தான். 90ஐத் தொட்டால் இந்தப் பெட்டி மாதிரியான உடம்பு காற்றோடு மல்லுக்கட்ட ஆரம்பிக்கும், 6.7க்கு வந்துவிடும், எந்தக் கியரும் அங்கே காப்பாற்றாது. தேக்கா, சிராங்கூன் சாலை நெரிசலில் ஓவர்டிரைவால் ஒரு பயனும் இல்லை, நான் மூன்றாவது, நாலாவது கியர்களைத் தவிர வேறெதிலும் போடுவதில்லை. எதிர்காற்றோ ஏற்றமோ வந்தால் தயங்காமல் லீவரை இழுத்துவிடுங்கள், திணறத் திணற ஓட்டினால் மிச்சமும் இல்லை, எஞ்சினுக்கும் கேடு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், பெட்ரோல் லிட்டர் 3 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், டயர் மாற்றியதில் வருஷத்துக்குச் சுமார் 50 லிட்டர், 150 வெள்ளி மிச்சம். டயரை எப்படியும் மாற்றியே ஆக வேண்டியிருந்தது, ஐந்துக்கும் சேர்த்து ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே, ஆக அது நல்ல செலவு. ஓவர்டிரைவில் கிட்டத்தட்ட 60 லிட்டர், 180 வெள்ளி. போட்ட 2,000 திரும்ப வர பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும். பெட்ரோல் மிச்சத்துக்காக மட்டும் என்றால் ஓவர்டிரைவ் வாங்காதீர்கள் என்று தெளிவாகவே சொல்வேன். விரைவுச்சாலையில் எஞ்சினை வதைக்காமல் ஓட்ட வேண்டும், வண்டியைப் பல வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், நான் இன்னொரு தடவையும் இதையே வாங்குவேன். பெரிய டயரையும் ஓவர்டிரைவையும் சேர்த்துப் போடுகிறேன் என்று ஒரு நண்பர் கிளம்பினார், வேண்டாம் என்றேன். 80இல் 2200 சுற்றுக்கு இறங்கிவிடும், சமதரையிலேயே இழுக்காது. முன் சக்கரத்தில் ஃப்ரீ வீலிங் ஹப் (வேண்டாதபோது முன் சக்கரங்களை அச்சிலிருந்து விடுவித்துவிடும் அமைப்பு) போட்டும் பார்த்தேன், மைலேஜில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை.

ஓவர்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதற்குள் இருக்கும் எண்ணெய் மிகக் கொஞ்சம், ட்ரான்ஸ்ஃபர் பெட்டியோடு சேராமல் தனியாக இருப்பது. சீலில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு ஒழுகினாலே சீக்கிரம் வறண்டுவிடும், அந்தக் குழி விழுந்த பேரிங்கும் அப்படி வறண்டு ஓடியதாகத்தான் இருக்கும் என்று அண்ணன் சொன்னார். நான் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்து, அடைப்பானைத் திறந்து சுண்டு விரலை விட்டுப் பார்க்கிறேன், குறைந்திருந்தால் இபி 90 கியர் எண்ணெய் ஊற்றுகிறேன். பத்து நிமிட வேலை. ஓடி நின்ற உடனே பார்க்காமல், ஆறிய பிறகு, சமமான தரையில் நிறுத்திப் பாருங்கள்.